ஒரே சீசனில் அதிக ஆட்டங்களில் பந்து வீசியவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரவு கண்விழித்து அமெரிக்க பேஸ்பால் பார்க்கிற பழக்கம் எனக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு முதலில் புரியாதது புல்பென்தான். மைதானத்தின் ஓரத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். போன் அடிக்கிறது, ஒருவர் எழுந்து கையைச் சுழற்றுகிறார், பத்து நிமிடத்தில் ஆட்டத்துக்குள் வருகிறார், மூன்று பேரைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். மறுநாளும் அவரே. அதற்கு மறுநாளும் அவரே. இப்படி ஒரு மனிதனை ஒரு வருடத்தில் எத்தனை முறை இறக்க முடியும்? நண்பர்கள் இதைப் பற்றிக் கேட்ட கேள்விகளையும், எனக்கே எழுந்த கேள்விகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

சாதனை யாரிடம் இருக்கிறது?

மைக் மார்ஷல். 1974-இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்காக 106 ஆட்டங்களில் பந்து வீசினார். அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீக்கில் ஓர் அணிக்கு ஒரு சீசனில் 162 ஆட்டங்கள். அதாவது மூன்றில் இரண்டு ஆட்டங்களில் அவர் கை இருந்தது. அவருக்கு முன்னும் சரி, பின்னும் சரி, வேறு யாரும் நூறைத் தொட்டதில்லை. இரண்டாவது இடத்தில் இருப்பது 94.

கிரிக்கெட்டில் பௌலர் எல்லா ஆட்டத்திலும்தானே ஆடுகிறார்? 162-க்கு 106 என்றால் என்ன பெரிய விஷயம்?

இந்தக் கேள்வியைக் கேட்காத கிரிக்கெட் ரசிகரே இல்லை. நியாயமான கேள்விதான்.

முதலில், பேஸ்பால் சீசன் மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ தொடங்கி செப்டம்பர் கடைசி வரை கிட்டத்தட்ட தினமும் நடக்கும். ஆறு மாதத்தில் 162 ஆட்டம் என்றால் விடுமுறை நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இரண்டாவது, பிட்சர், அதாவது பேஸ்பாலின் பௌலர், வீசும் பந்து பெரும்பாலும் முழு பலத்தோடு போகிறது. ஓடிவந்து உடல் வேகத்தைப் பந்துக்குக் கொடுக்கிற வசதி கிடையாது. நின்ற இடத்திலிருந்து, ஒரு காலைத் தூக்கி, தோளையும் முழங்கையையும் சாட்டை மாதிரி வீச வேண்டும். அதனால்தான் ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டர்கள் ஒரு நாள் வீசிவிட்டு நான்கைந்து நாள் ஓய்வெடுக்கிறார்கள். அவர்கள் கணக்கில் வருடத்துக்கு முப்பது முப்பத்திரண்டு ஆட்டம்தான் சேரும்.

இந்தப் பட்டியலில் வருகிறவர்கள் எல்லோரும் ரிலீஃப் பிட்சர்கள். பாதி ஆட்டத்தில் வருகிறவர்கள். இன்னொரு வித்தியாசத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கிரிக்கெட்டில் பௌலரை நிறுத்திவிட்டு அப்புறம் மறுபடி கூப்பிடலாம். பேஸ்பாலில் ஆட்டத்தை விட்டு வெளியே எடுத்த பிட்சர் அந்த ஆட்டத்துக்குத் திரும்பவே முடியாது. ஆகவே மேனேஜர் ஒருவரை இறக்கினால் அன்றைய சீட்டைக் கிழித்துவிட்டார் என்று அர்த்தம்.

ஒரு பந்து வீசினாலும் ஒரு ஆட்டம்தானா?

ஒரு பந்துகூட வீசாவிட்டாலும் ஒரு ஆட்டம்தான்.

2009 ஜூலையில் கொலராடோ ராக்கீஸ் அணியின் ஆலன் எம்ப்ரி இறங்கினார். பேட்டருக்கு ஒரு பந்தும் வீசுவதற்கு முன்பே, முதல் பேஸில் (ரன் எடுக்க ஓடுகிறவர் வரிசையாகத் தொட வேண்டிய இடங்களில் முதலாவது) நின்றவரைப் பிடித்து அவுட் ஆக்கினார்கள், இன்னிங்ஸ் முடிந்தது. அடுத்த பாதியில் அவருடைய அணி முன்னிலை பெற்றது. பேஸ்பாலில் ஒவ்வொரு வெற்றியையும் தோல்வியையும் ஒரு பிட்சர் பெயரில் எழுதுவார்கள். வெற்றி பெற்ற பிட்சர் என்று எம்ப்ரி பெயர் எழுதப்பட்டது. வீசிய பந்துகள்: பூஜ்யம்.

இதைவிட மனதைப் பிசைகிற கதை லாரி யவுன்ட்டுடையது. 1971 செப்டம்பர் 15, ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி, இளைஞர், முதல் ஆட்டம். பெயரை ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்கள். பிட்சர் நின்று வீசுகிற மேட்டுக்கு வந்து சூடேற்றிக்கொள்ள சில பந்துகள் போட்டபோதே கையில் வலி. ஒரு பேட்டரைக்கூடச் சந்திக்காமல் திரும்பிப் போனார். பெயர் அறிவித்தாகிவிட்டதால் அது ஆட்டக் கணக்கில் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு மேஜர் லீக் மேட்டில் அவர் ஏறவே இல்லை. பதிவேட்டில் ஒரே ஒரு ஆட்டம், பூஜ்யம் பந்து. அவருடைய தம்பி ராபின் யவுன்ட் மூவாயிரம் ஹிட்டுக்கு மேல் அடித்து ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். ஒரே வீட்டில் இரண்டு தலையெழுத்து.

90-ஐத் தொட்டவர்கள் எத்தனை பேர்?

ஐந்தே பேர். ஆனால் அது ஒன்பது முறை நடந்திருக்கிறது, ஏனென்றால் இரண்டு பேர் தலா மூன்று முறை செய்திருக்கிறார்கள்.

மைக் மார்ஷல்: 1973-இல் மான்ட்ரியல் எக்ஸ்போஸுக்கு 92, 1974-இல் டாட்ஜர்ஸுக்கு 106, 1979-இல் மினசோட்டா ட்வின்ஸுக்கு 90. மேஜர் லீக்குக்குள் நேஷனல், அமெரிக்கன் என்று இரண்டு லீக்குகள். கடைசியாகச் சொன்னது அமெரிக்கன் லீக் சாதனை. ஆக இரண்டு லீக்குகளின் சாதனையும் ஒரே ஆளிடம்.

கென்ட் டெகுல்வி: பிட்ஸ்பர்க் பைரேட்ஸுக்கு 1978-இல் 91, 1979-இல் 94. பிறகு 1987-இல், நாற்பது வயதில், ஃபிலடெல்ஃபியாவுக்கு 90. அந்த வயதில் அந்த எண்ணிக்கை எனக்கு மார்ஷலுடைய 106-க்கு அடுத்தபடியான ஆச்சரியம்.

மற்ற மூவரும் ஒருமுறை மட்டும்: 1969-இல் சின்சினாட்டியின் வேன் கிரேஞ்சர் 90, 2006-இல் பைரேட்ஸின் சாலமோன் டோரஸ் 94, 2010-இல் நியூயார்க் மெட்ஸின் பெட்ரோ ஃபெலிசியானோ 92.

டோரஸ் பற்றி ஒரு வார்த்தை. அவர் 1997-இல் ஆட்டத்தை விட்டே போய்விட்டவர். ஐந்து வருடம் கழித்து, 2002-இல் திரும்பி வந்தார். 94 ஆட்டங்களில் வீசிய அந்த 2006-இல் பைரேட்ஸ் 95 ஆட்டங்களில் தோற்றது. தோற்கிற அணியில் இவ்வளவு ஓட்டம் ஓடுவதற்குத் தனி மனசு வேண்டும்.

அப்படியானால் 94-க்கும் 106-க்கும் பன்னிரண்டு ஆட்டம்தானே வித்தியாசம்?

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஆட்டங்களை மட்டும் எண்ணினால் கதை பாதிதான் தெரியும். பக்கத்தில் இன்னிங்ஸையும் வைத்துப் பாருங்கள்.

ஓர் ஆட்டத்தில் ஒரு அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒரு இன்னிங்ஸுக்கு மூன்று அவுட். மார்ஷல் 1974-இல் வீசியது 208⅓ இன்னிங்ஸ், அதாவது 625 அவுட். ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஆறு அவுட். ஃபெலிசியானோ 2010-இல் வீசியது 62⅔ இன்னிங்ஸ், அதாவது 188 அவுட். ஆட்டத்துக்கு இரண்டு. டோரஸுக்கு ஆட்டத்துக்கு மூன்று அவுட் வருகிறது. 1979-இன் டெகுல்விக்கு நான்குக்குக் கொஞ்சம் மேல்.

பட்டியலில் 106, 94, 92 என்று அடுத்தடுத்து நிற்கிற எண்கள் உண்மையில் வேறு வேறு வேலைகள். மார்ஷல் தினமும் முழு ஷிஃப்ட் பார்த்தவர். ஃபெலிசியானோ இடது கை பேட்டர் வரும்போது மட்டும் கூப்பிடப்பட்டவர். இந்த வகையின் உச்சம் டெட்ராய்ட் டைகர்ஸின் ஷான் ரன்யன். 1998, அவருடைய அறிமுக வருடம். 88 ஆட்டம், ஆனால் மொத்தமே 50⅓ இன்னிங்ஸ். ராண்டி சோட் 2010-இல் டாம்பா பே அணிக்கு 85 ஆட்டத்தில் வீசியது 44⅔ இன்னிங்ஸ். ஒரு தடவை இறங்கினால் ஒரு அவுட், ஒன்றரை அவுட், போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

அதற்காக அது சுலபமான வேலை என்று சொல்ல வரவில்லை. எதிரணியின் மிகப் பெரிய அடிகாரரை, ஆட்டம் தொங்கிக்கொண்டிருக்கும்போது, சந்திப்பதற்கென்றே வருகிறவர்கள் அவர்கள். ஆனால் மார்ஷலின் 106-ஐ அதே தராசில் வைக்க முடியாது. இன்று ஆட்டத்தைத் தொடங்கிவைக்கிற ஸ்டார்ட்டர்களிலேயே 200 இன்னிங்ஸ் தொடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மார்ஷல் அதைத் தாண்டினார், ஒரு ஆட்டத்தைக்கூடத் தொடங்கிவைக்காமல்.

மார்ஷல் எப்படிச் சமாளித்தார்?

அவரைக் கேட்டால் உடற்கூறு பாடமே நடத்திவிடுவார். சும்மா சொல்லவில்லை. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உடலியக்கம் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டே மேஜர் லீக்கில் ஆடியவர். 1978-இல் முனைவர் பட்டமும் வாங்கினார். பந்தை விடும் நேரத்தில் முன்கை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்தத் தசை எந்த மூட்டைக் காப்பாற்றுகிறது என்று அவருக்கென்று ஒரு கொள்கை இருந்தது. கட்டைவிரல் கீழ்நோக்கிப் போகும்படி கையை உள்முகமாகத் திருப்பி விட்டால் முழங்கை தப்பிக்கும் என்பது அதன் சாரம். அவருடைய முக்கிய ஆயுதமான ஸ்க்ரூபாலும் அப்படித்தான் வீசப்படுவது. வழக்கமான கர்வ் பந்து வளைகிற திசைக்கு நேர் எதிராக வளையும்.

1974-இன் கோடையில், ஜூன் 18 முதல் ஜூலை 3 வரை, அணி ஆடிய 13 ஆட்டங்களில் தொடர்ச்சியாக வீசினார். இதுவும் சாதனை. 1986-இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸின் டேல் மஹார்சிக் அதைச் சமன் செய்தார், தாண்டவில்லை.

அந்த வருட முடிவில் கணக்கு இது: 15 வெற்றி, 12 தோல்வி, 21 சேவ் (நெருக்கமான ஆட்டத்தில் முன்னிலையைக் கடைசி வரை காத்து முடித்தவை), ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரி 2.42. ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கிய முதல் ரிலீஃப் பிட்சர் அவர்தான். 12 தோல்வியைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். நெருக்கடியான ஆட்டங்களிலேயே ஒருவரை 106 முறை இறக்கினால் சில நாள் வீடு இடியத்தான் செய்யும்.

ஆள் பழகுவதற்கு எளிதானவர் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேனேஜர்களோடும் பயிற்சியாளர்களோடும் ஓயாத வாக்குவாதம். சிறுவர்களுக்குக் கையெழுத்துப் போட மாட்டார். பந்து எறிகிறவனைப் போய் ஏன் முன்மாதிரியாக வைத்துக்கொள்கிறீர்கள், உங்கள் ஆசிரியரிடம் வாங்குங்கள் என்பது அவர் வாதம். எனக்கு இது பாதி பிடிக்கும், பாதி பிடிக்காது. பிறகு ஃப்ளோரிடாவில் ஸெஃபர்ஹில்ஸ் என்ற ஊரில் பந்துவீச்சுப் பள்ளி நடத்தினார். மேஜர் லீக் அணிகள் அவர் முறையைக் கடைசி வரை ஏற்றுக்கொள்ளவில்லை. 2021-இல் 78 வயதில் காலமானார்.

அதே அணியில்தான் டாமி ஜான் இருந்தாரா?

ஆமாம், அதே வருடம்! முழங்கை அறுவைச் சிகிச்சைக்கே தன் பெயரைக் கொடுத்த டாமி ஜான், மார்ஷலின் சக வீரர். 1974 ஜூலை 17 அன்று, 13 வெற்றி 3 தோல்வி என்று அருமையாகப் போய்க்கொண்டிருந்தபோது முழங்கைத் தசைநார் அறுந்தது. மார்ஷலின் 13 ஆட்டத் தொடர் முடிந்து சரியாக இரண்டு வாரம். செப்டம்பரில் மருத்துவர் ஃப்ராங்க் ஜோப், மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தசைநாரை எடுத்து முழங்கையில் கட்டினார். ஜான் 1976-இல் திரும்பி வந்து 1989 வரை ஆடினார்.

ஒரே ஓய்வறை. ஒருவர் நான்கு நாளுக்கு ஒருமுறை வீசினார், கை போயிற்று. இன்னொருவர் தினமும் வீசினார், கை தாங்கியது. இதை வைத்து ‘அதிகம் வீசினால் நல்லது’ என்று முடிவுகட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம். அடுத்த வருடமே மார்ஷலும் காயப்பட்டு, ஆட்ட எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

1974 வேர்ல்ட் சீரிஸில் அவர் தோற்ற கதை என்ன?

வேர்ல்ட் சீரிஸ் என்பது இரண்டு லீக் சாம்பியன்களும் மோதுகிற இறுதித் தொடர். அந்த வருட எதிரணி ஓக்லண்ட் ஏஸ். ஐந்து ஆட்டத்தில் முடிந்த தொடர், ஐந்திலும் மார்ஷல் வீசினார்.

இரண்டாவது ஆட்டத்தில் ஒரு வேடிக்கை. ஓக்லண்ட் அணி ஹெர்ப் வாஷிங்டன் என்ற தடகள ஓட்டக்காரரை, பேஸ்களில் ஓடுவதற்காக மட்டுமே வைத்திருந்தது. மட்டையும் பிடிக்க மாட்டார், பந்தும் பிடிக்க மாட்டார். ஒன்பதாவது இன்னிங்ஸில் அவர் முதல் பேஸில் நிற்கிறார், ஒரு ரன் எடுத்தால் ஆட்டம் சமன். மார்ஷல் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், சட்டென்று முதல் பேஸுக்கு எறிந்தார், வாஷிங்டன் அவுட். இருவரும் ஒரே மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம். வாஷிங்டன் தன் மொத்த வாழ்க்கையில் 105 ஆட்டங்களில் இறங்கினார், ஒரு தடவைகூட பேட் செய்யாமல். மார்ஷல் அந்த ஒரே வருடத்தில் இறங்கியது அதைவிட ஒன்று அதிகம்.

ஐந்தாவது ஆட்டத்தில் நிலைமை தலைகீழ். ஸ்கோர் 2-2, ஏழாவது இன்னிங்ஸின் கீழ்ப்பாதி. இடதுபக்க எல்லையில் நின்ற டாட்ஜர்ஸ் வீரர் பில் பக்னர் மீது ஓக்லண்ட் ரசிகர்கள் பொருட்களை வீச ஆரம்பித்தார்கள். ஆட்டம் சில நிமிடம் நின்றது. அந்த இடைவெளியில் எல்லாப் பிட்சரும் கை ஆறாமலிருக்க நாலு பந்து போட்டுப் பார்ப்பார்கள். மார்ஷல் போடவில்லை, சும்மா நின்றார். எதிரே நின்ற ஜோ ரூடி அதைக் கவனித்துக்கொண்டிருந்தார். சூடேறாத கை வளைவு பந்து போடாது, நேர்ப் பந்துதான் வரும் என்று கணக்குப் போட்டார். அதுதான் வந்தது. முதல் பந்தே ஹோம் ரன். 3-2, கோப்பை ஓக்லண்டுக்கு.

மார்ஷலுக்கு முன்னால் சாதனை யாரிடம் இருந்தது?

பத்து வருடத்தில் படபடவென்று ஏறியது. 1964-இல் கேன்சஸ் சிட்டியின் ஜான் வயட் 81. 1965-இல் சிகாகோ கப்ஸின் டெட் அபர்நதி 84. 1968-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸின் வில்பர் வுட் 88. மறுவருடமே கிரேஞ்சர் 90. பிறகு மார்ஷல் 92, அதை அவரே உடைத்து 106. ரிலீஃப் வேலை என்பது தனித் தொழிலாக உருவான காலம் அது, சீசனும் 154 ஆட்டத்திலிருந்து 162 ஆகியிருந்தது.

அதற்கு முன்னோடி என்றால் 1950-இன் ஜிம் கான்ஸ்டன்டி. ஃபிலடெல்ஃபியாவுக்காக 74 ஆட்டம், அத்தனையும் ரிலீஃப். லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருதையே தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். அவருக்குப் பந்துவீச்சில் யோசனை சொன்னது ஊரில் இறுதிச் சடங்குத் தொழில் நடத்திய ஒரு நண்பர் என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல். வேர்ல்ட் சீரிஸின் முதல் ஆட்டத்தில் அவரை ஸ்டார்ட்டராகவே இறக்கினார்கள். நன்றாகத்தான் வீசினார், யாங்கீஸிடம் 1-0 என்று தோற்றார்.

பழைய காலத்தில் ஒரே பிட்சர் எல்லா ஆட்டத்திலும் வீசினாராமே?

கிட்டத்தட்ட அப்படித்தான். 1879-இல் சின்சினாட்டியின் வில் ஒயிட் 76 ஆட்டத்தில் வீசினார். அதில் 75-ஐத் தொடங்கிவைத்து, 75-ஐயும் கடைசி வரை அவரே முடித்தார். மொத்தம் 680 இன்னிங்ஸ். கண்ணாடி போட்டுக்கொண்டு ஆடியவர் வேறு. 1883-இல் பட் கால்வினும் சார்லி ராட்போர்னும் அதே 76-ஐ எட்டினார்கள்.

ஆனால் அந்த ஆட்டம் வேறு. வில் ஒயிட் காலத்தில் பிட்சருக்கும் பேட்டருக்கும் இடையே 45 அடிதான். இடுப்புக்கு மேலே கையைக் கொண்டுபோகக் கூடாது என்ற விதி இருந்தது. இன்றைய 60 அடி 6 அங்குலம் 1893-இல்தான் வந்தது. அந்த எண்களைப் பார்த்து வாயைப் பிளக்கலாம், மார்ஷலோடு ஒப்பிட வேண்டாம்.

இந்தப் பட்டியலில் கையைத் தாழ்த்தி வீசுகிறவர்கள் ஏன் இத்தனை பேர்?

நல்ல கவனிப்பு. டெகுல்வியும் அபர்நதியும் தரையை உரசுகிற மாதிரி அடியிலிருந்து வீசியவர்கள். 1987-இல் டொரண்டோவுக்கு 89 ஆட்டம் வீசிய மார்க் ஐக்ஹார்ன் பக்கவாட்டில் வீசியவர். 2009-இல் அட்லாண்டாவுக்கு 87 ஆட்டம் வீசிய ஆஸ்திரேலியர் பீட்டர் மொய்லனும் அப்படியே. (அவர் இடையில் ஆட்டத்தை விட்டு மருந்து கம்பெனி விற்பனைப் பிரதிநிதியாக வேலை பார்த்தவர்.) வில்பர் வுட் வீசியது நக்கிள்பால், விரல் நுனியால் தள்ளி விடுகிற மெதுவான பந்து.

மேலிருந்து முழு வேகத்தில் எறிகிறவர்களுக்கு மறுநாள் கை தூக்கவே வலிக்கும். வேகத்தை நம்பாமல் கோணத்தை நம்புகிறவர்களுக்கு அந்தச் சேதம் குறைவு. டெகுல்வி ஒல்லிக்குச்சி ஆள், பெரிய கண்ணாடி, பார்த்தால் கணக்கு வாத்தியார் மாதிரி இருப்பார். 1979 வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டத்தை முடித்துவைத்தது அவர்தான். மொத்தம் 1,050 ஆட்டம் வீசியும் ஒன்றைக்கூடத் தொடங்கிவைத்ததில்லை.

இப்படி இறக்கினால் கை வீணாகாதா?

ஃபெலிசியானோவைக் கேளுங்கள் என்பேன், ஆனால் 2021-இல் அவர் 45 வயதிலேயே இறந்துவிட்டார்.

மெட்ஸுக்கு 2008-இல் 86, 2009-இல் 88, 2010-இல் 92. மூன்று வருடத்தில் 266 ஆட்டம். ‘எப்போதும் பெட்ரோ’ என்ற அர்த்தத்தில் ரசிகர்கள் பட்டப்பெயர் வைத்தார்கள். அந்த மூன்றாவது வருடம் முடிந்ததும் அதே நியூயார்க்கின் எதிர்வீட்டு யாங்கீஸ் இரண்டு வருடத்துக்கு 80 லட்சம் டாலர் கொடுத்துக் கூட்டிப்போனது. 2011 தொடங்கும்போதே தோள் போயிற்று. யாங்கீஸ் பொது மேலாளர் பிரையன் கேஷ்மன், மெட்ஸ் அவரைக் கசக்கிப் பிழிந்துவிட்டது என்ற தொனியில் வெளிப்படையாகவே குறைபட்டார். அது தெரிந்துதானே வாங்கினீர்கள் என்று மெட்ஸ் தரப்பும் திருப்பிக் கொடுத்தது. இரண்டு வருடத்தில் ஃபெலிசியானோ யாங்கீஸுக்காக மேஜர் லீக்கில் வீசிய ஆட்டங்கள்: ஒன்றும் இல்லை. 2013-இல் மெட்ஸுக்கே திரும்பி வந்து கொஞ்சம் வீசினார்.

92 ஆட்டம் என்று பெருமையாக எழுதப்படுகிற எண்ணுக்குப் பின்னால் இப்படியும் ஒரு பில் வரும். கட்டுகிறவர் பெரும்பாலும் அடுத்த முதலாளி, வலி மட்டும் எப்போதும் வீசியவருக்கு.

ஜப்பானில் என்ன நிலவரம்?

அங்கே சாதனை 90. ஹன்ஷின் டைகர்ஸ் அணியின் டோமோயுகி குபோட்டா, 2007. அந்த வருடம் ஜப்பானில் சீசனுக்கு 144 ஆட்டம்தான் என்பதால் விகிதம் மார்ஷலுடையதை நெருங்குகிறது: மார்ஷல் நூற்றுக்கு 65, குபோட்டா 62. அவருக்கு முன் சாதனை வைத்திருந்தது அதே அணியின் க்யூஜி ஃபுஜிகாவா, 2005-இல் 80. ஜெஃப் வில்லியம்ஸ் என்ற ஆஸ்திரேலியரையும் சேர்த்து மூவர் பெயரின் முதல் எழுத்துகளைக் கோத்து ஜே-எஃப்-கே என்று அழைத்தார்கள். ஆறாவது இன்னிங்ஸ் முடிவில் ஹன்ஷின் முன்னிலையில் இருந்தால் மிச்சத்தை இந்த மூவர் பார்த்துக்கொள்வார்கள்.

ஃபுஜிகாவாவுக்கு முன்? 1961-இன் கசுஹிசா இனாவோ, 78 ஆட்டம். அவர் ரிலீஃப் மட்டும் செய்தவரில்லை. தொடங்கியும் வைத்தார், நடுவிலும் வந்தார், 404 இன்னிங்ஸ் வீசி 42 வெற்றி எடுத்தார். ஜப்பானியர்கள் அவரை இரும்புக்கரம் என்றார்கள்.

வாழ்நாள் கணக்கில் முதலிடம் இவர்களில் யாருக்கு?

யாருக்கும் இல்லை. ஜெஸ்ஸி ஒராஸ்கோ, 1,252 ஆட்டம், 1979 முதல் 2003 வரை. ஒரு சீசனில்கூட 80-ஐத் தொட்டதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக 24 சீசன்.

106 என்றாவது உடையுமா?

என் பதில், உடையாது. நண்பர்கள் சிலர் ‘எந்தச் சாதனையும் நிற்காது’ என்பார்கள். அவர்களுக்கு மூன்று காரணம் சொல்வேன்.

1974-இல் ஓர் அணி ஒன்பது பத்துப் பிட்சர்களை வைத்து ஓட்டியது. இன்று 26 பேர் கொண்ட அணியில் 13 பேர் பிட்சர்கள், அதில் எட்டுப் பேர் புல்பென்னில். அதற்கு மேலும் வேண்டுமானால் கீழ் லீக்கிலிருந்து கூப்பிட்டுக்கொள்ளலாம். ஒருவரை நம்பி ஓட்ட வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டாவது, 2020 முதல் புது விதி. ஆட்டத்துக்குள் வந்த பிட்சர் குறைந்தது மூன்று பேட்டரைச் சந்திக்க வேண்டும், அல்லது அந்தப் பாதி இன்னிங்ஸை முடிக்க வேண்டும். காயம்பட்டால் மட்டும் விலக்கு. ரன்யன், சோட் மாதிரி ஒரு பேட்டருக்காக வந்து போகிற தொழில் அன்றோடு முடிந்தது. ஆட்ட எண்ணிக்கையை ஏற்றுவதற்கு இருந்த குறுக்குச் சந்து அடைபட்டுவிட்டது.

மூன்றாவது, இன்றைய ரிலீஃப் பிட்சர்கள் பலர் நேர்ப் பந்தை மணிக்கு 95, 100 மைல் வேகத்தில் எறிகிறார்கள். இரண்டு நாள் தொடர்ந்து வீசினாலே மூன்றாம் நாள் உட்கார வைத்துவிடுவார்கள். மூன்று நாள் தொடர்ந்தால் தொலைக்காட்சியில் வர்ணனையாளர்கள் அதை ஒரு விஷயமாகப் பேசுகிறார்கள். பதின்மூன்று நாள் என்றால் பிட்சரின் ஏஜென்ட் போனை எடுத்துவிடுவார்.

புல்பென்னில் எழுந்து சூடேற்றிக்கொண்டு, கடைசியில் கூப்பிடாமலே விட்ட நாட்கள் இந்தக் கணக்கில் வருமா?

வராது. முப்பது நாற்பது பந்து போட்டு, வியர்த்து, கை சூடாகி நிற்கும்போது முன்னால் இருக்கிற பிட்சர் ஒரு டபுள் பிளே, அதாவது ஒரே அடியில் இரண்டு அவுட், வாங்கிவிடுவார். போன் மறுபடி அடிக்கும், உட்காரச் சொல்வார்கள். ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு பெஞ்சுக்குப் போக வேண்டியதுதான். அடுத்த இன்னிங்ஸில் மறுபடி எழுப்பவும் செய்வார்கள். ஃபெலிசியானோவின் 92-க்கு வெளியே அப்படி எத்தனை நாள் இருந்திருக்கும் என்று ஸ்கோர் ஷீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கென்று அதில் ஒரு கட்டமே கிடையாது.